பதறும் நாளுக்கு ஒரு பின்னல், தெளிந்த நாளுக்கு ஒரு பின்னல்

மனசுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்னல் பழக உட்காருகிறவர்களில் பலர் இரண்டாவது வாரமே ஊசியை அலமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். தோள் இறுகியது, எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது, அவிழ்த்து அவிழ்த்து நூல் பஞ்சாகிப் போனது, இருந்த கொஞ்சம் நிம்மதியும் கெட்டது. விசாரித்துப் பார்த்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: கருப்பு நூல், மெல்லிய ஊசி, படத்தில் பார்த்து ஆசைப்பட்ட பூவேலைச் சால்வை, அதையும் அடுத்த மாதம் யாருக்கோ பரிசாகக் கொடுத்தாக வேண்டும். அன்றைய மனநிலைக்கும் கையிலெடுத்த வேலையின் கடினத்துக்கும் பொருத்தம் இருந்தால்தான் பின்னல் மனசை ஆற்றும். பொருந்தாவிட்டால் அது இன்னொரு தலைவலி.

முதலில் ஆய்வுகள். 2013-இல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் வந்த கருத்துக்கணிப்பில் பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னலாளர்கள் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாக அதிகம் சொல்லியிருந்தார்கள். பின்னலைப் பிடித்துப்போய்த் தொடர்கிறவர்களிடம் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. 2009-இல் உணவு உட்கொள்ளும் கோளாறுக்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 38 பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார்கள். உடல் எடை, உணவு பற்றிய அச்சமும் அரிக்கும் எண்ணங்களும் பின்னும்போது தணிந்ததாக 74 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. 2011-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,321 பேரை ஆராய்ந்தபோது, பின்னல், தையல் போன்ற கைவேலை செய்தவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு குறைவாகத் தென்பட்டது. கைவேலை மூளையைக் காத்ததா, மூளை நன்றாக இருந்ததால் கைவேலை தொடர்ந்ததா என்பதை அப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. 2024-இல் இங்கிலாந்தில் 7,182 பேரின் தரவை வைத்து வெளியான ஆய்வு கொஞ்சம் வலுவானது. வயது, வேலை, உடல்நலம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், கலை, கைவினை செய்கிறவர்கள் வாழ்க்கை பொருளுள்ளது என்று உணர்வது கூடுதலாக இருந்தது. ஆக, பின்னல் நல்ல துணை. மருந்துக்கோ மனநல ஆலோசனைக்கோ மாற்று என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் எனக்கு ஏற்புடையவை. ஒன்று, திரும்பத் திரும்ப ஒரே அசைவு. 1970-களில் ஹெர்பர்ட் பென்சன் என்ற ஹார்வர்டு மருத்துவர், ஒரு சொல்லையோ அசைவையோ விடாமல் திருப்பிச் செய்துகொண்டு, குறுக்கே வரும் எண்ணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இதயத் துடிப்பும் மூச்சும் தணிவதை விவரித்தார். சாதாரணப் பின்னல் அதற்குக் கச்சிதமாக ஒத்துவருகிறது. இரண்டாவது, இடநெருக்கடி. நடந்ததையே மனசு அசைபோடுவதற்கு உள்ளே கொஞ்சம் காலி இடம் வேண்டும். கண் ஊசிமுனையிலும் விரல் நூலிலும் எண்ணிக்கை மனசிலுமாக இருக்கும்போது அந்த இடம் சுருங்குகிறது. மூன்றாவது விளக்கத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: காலையில் இல்லாத நாலு விரற்கடைத் துணி மாலையில் கையில் இருக்கிறது. மனச்சோர்வில் இருக்கும் ஒருவருக்கு "இன்று ஒன்றும் செய்யவில்லை" என்ற குற்றச்சாட்டுக்கு எதிரான கண்கண்ட சாட்சி அது.

தொடங்குவதற்கான சரக்கு

5 மி.மீ. பருமனுள்ள ஊசி ஒரு ஜோடி. மூங்கில் அல்லது மர ஊசியாக இருக்கட்டும். உலோக ஊசியில் கண்ணிகள், அதாவது ஊசியில் ஏறியிருக்கும் நூல் வளையங்கள், வழுக்கி விழும், புதியவருக்கு அது தேவையில்லாத பயம். நூல் நடுத்தரப் பருமன், அதாவது ஆரன் அல்லது வொர்ஸ்டெட் என்று உறையில் போட்டிருப்பது. 50 கிராம் கண்டு ஒன்று போதும். கம்பளியோ கம்பளி கலந்ததோ சிறந்தது, ஏனென்றால் அது இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பும். கையின் தவறுகளைத் தானே சமன் செய்துகொள்ளும். பருத்தி நூல் அழகுதான், ஆனால் இழுவையே கிடையாது, அரை மணி நேரத்தில் மணிக்கட்டு சோர்ந்துவிடும். மொஹேர் மாதிரி மயிர் நீட்டிய நூலை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். பின்னிய பிறகு அவிழ்க்க வராது. வெளிர் நிறம், ஒரே நிறம். கருப்பிலும் அடர்நீலத்திலும் கண்ணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது.

30 கண்ணி ஏற்றுங்கள். நூல் நுனியை நீளமாக விட்டு ஏற்றும் நீள்வால் முறை என்றால், வரப்போகும் துணியின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நூலும் மேலே ஒரு சாணும் விட்டுத் தொடங்க வேண்டும். இந்தக் கணக்குக்கு 65 முதல் 70 செ.மீ. வரை வரும். குறைவாக விட்டால் 27-வது கண்ணியில் நூல் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து. நூலைப் பின்னால் வைத்து, கண்ணி வழியாக முன்னால் இழுத்தெடுப்பது நிட், அடிப்படைக் கண்ணி. எல்லா வரிசையையும் நிட் கண்ணியாகவே பின்னினால் கிடைப்பது கார்ட்டர் பின்னல். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு விழும். கண்ணி எத்தனையோ அத்தனை மேடு வந்தால் சதுரம்: 30 கண்ணிக்கு 30 மேடு, 60 வரிசை. புதியவர் நிமிடத்துக்கு 15 கண்ணி போடுவார் என்று வைத்தால் ஒரு வரிசைக்கு இரண்டு நிமிடம், முழுச் சதுரத்துக்கு இரண்டு மணி நேரம். துணி ஓரம் சுருளாது, முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் இல்லை, வரிசையை எண்ண வேண்டியதில்லை, மேட்டை எண்ணினால் போதும். மனசுக்காகப் பின்னுகிறவருக்கு இதைவிட நல்ல வடிவம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் கட்சி. நூலை முன்னால் வைத்துப் போடும் பர்ல் கண்ணி, நிட் ஒரு வரிசை பர்ல் ஒரு வரிசை என்று போய் ஓரம் சுருளும் ஸ்டாக்கினெட், கண்ணிகளை இடம் மாற்றிப் போடும் முறுக்குப் பின்னல், பூவேலை எல்லாம் பிறகு.

முதல் சதுரத்தில் நடக்கும் விபத்துகள் எண்ணி நாலுதான். சதுரம் போகப்போக அகன்று முறம் மாதிரி ஆகும். காரணம் வரிசைத் தொடக்கம்: நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்னால் போயிருக்கும், அப்போது முதல் கண்ணி இழுபட்டு இரண்டு கண்ணி போலக் காட்சி தரும், இரண்டையும் பின்னிவிடுவீர்கள். வரிசை தொடங்கும் முன் நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியிலேயே பின்னால் கொண்டுபோங்கள். நடுவில் ஓட்டை விழுந்தால், இடையில் நூல் முன்பக்கம் வந்து ஊசியைச் சுற்றிக்கொண்டது என்று பொருள். கண்ணி நழுவினால் பதறி இழுக்காதீர்கள். இழுத்தால் ஏணிபோல் கீழே இறங்கும். உடனே அதில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்திவிட்டு மேலே பின்னிக்கொண்டு போங்கள், கடைசியில் சின்ன நூல் துண்டால் பின்பக்கம் கட்டிவிடலாம். நாலாவது, நூலைப் பிளந்து குத்துவது. அதற்கு மருந்து நல்ல வெளிச்சமும் அவசரமின்மையும்தான்.

கண்ணி இறுகிப்போய் ஊசி நுழையவே மறுப்பது தனி விஷயம். பாதி காரணம் கைமுறை: ஊசியின் கூம்பிய நுனியில் கண்ணியைச் செய்தால் அது நுனியின் சுற்றளவுக்கே செய்யப்படுகிறது, ஒவ்வொரு கண்ணியையும் முழுப் பருமனுள்ள பகுதிவரை தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மீதிப் பாதி மனசு. பதற்றமான நாளில் போட்ட வரிசைகள் மற்ற வரிசைகளைவிட நெருங்கி நிற்பதைப் பழைய துண்டுகளில் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். இதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளாமல் மானி என்று எடுத்துக்கொள்ளலாம்: ஊசி கீச்சிட ஆரம்பித்தால் தோளை இறக்கி, தாடையைத் தளர்த்தி, ஒரு மூச்சு விட்டுத் தொடருங்கள்.

எந்த நாளுக்கு எது

பதற்ற நாளில் கார்ட்டர் பின்னல் மட்டும். மூச்சோடு சேர்க்க விரும்பினால் கணக்கு இப்படி: நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்பது நிதானமான வேகம், அப்படியென்றால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. நிமிடத்துக்கு 20 கண்ணி போடுகிறவர் ஒரு கண்ணிக்கு இழுத்து, இரண்டு கண்ணிக்கு விடலாம். 40 போடுகிறவர் மூன்றுக்கு இழுத்து, நாலுக்கு விடலாம். மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சும்மா பின்னுங்கள்.

அசைபோடும் நாள் வேறு மாதிரி. யாரோ சொன்ன ஒரு வாக்கியம் மனசில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் கார்ட்டர் பின்னல் உதவாது. கை தானாக ஓட, மனசு அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும். அன்றைக்கு எண்ண வேண்டிய வேலை வேண்டும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறிமாறி வரும் ரிப், அல்லது எட்டு வரிசைக்கு ஒருமுறை முறுக்கும் சின்ன முறுக்குப் பின்னல். கை ஓரளவு பழகியவருக்கு எப்போதும் ஊசியில் இரண்டு வேலை இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான்: ஒன்று யோசிக்கவே வேண்டாதது, ஒன்று யோசித்தே ஆக வேண்டியது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி விவரித்த லயிப்பு நிலையின் அடிப்படையும் இதுதான். திறமைக்குச் சற்று மேலே வேலை இருக்க வேண்டும்; அதிகம் மேலே போனால் பதற்றம், கீழே போனால் சலிப்பு.

மனச்சோர்வு நாளில் தடை தொடங்குவதில்தான். மனநிலை சரியான பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல், சின்னச் செயலை முதலில் செய்து மனநிலையைப் பின்னால் வரவைப்பது உளவியல் சிகிச்சையில் நிலைபெற்ற ஒரு வழி. பின்னல் அதற்குத் தோதானது, ஆனால் முன்னேற்பாடு வேண்டும். நல்ல நாளிலேயே கண்ணி ஏற்றி, பத்து வரிசை போட்டு, பையில் வைத்து, படுக்கும் இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். கண்ணி ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் அலுப்பான வேலை, சோர்ந்த நாளில் அது ஆகாது. இலக்கு ஒரே ஒரு வரிசை, இரண்டு நிமிடம். அதுவும் முடியாது என்றால் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, இருக்கும் நூலை நாற்காலி முதுகில் மாட்டி உருண்டையாகச் சுற்றுங்கள். திறமையே வேண்டாம், முடிந்ததும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இறுக்கிச் சுற்றாமல் மூன்று விரலை உள்ளே வைத்துச் சுற்றினால் நூலின் இழுவை கெடாது.

கோப நாளுக்கு, பிடிக்காமல் பாதியில் கிடக்கும் ஒன்றை அவிழ்ப்பதைப் போன்ற மருந்து கிடையாது. சர்ரென்று வரும் அந்தச் சத்தத்துக்காகவே சிலர் அரைகுறைகளைப் பத்திரப்படுத்துகிறார்களோ என்று சந்தேகம். அவிழ்த்த நூலைச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருக்கம் போய்விடும். ஊசியால் குத்திக் கம்பளிப் பொம்மை செய்யும் ஃபெல்டிங்கையும் கோபத்துக்குச் சொல்வார்கள். அந்த ஊசியில் முள் இருக்கும், சாய்த்துக் குத்தினால் ஒடியும், விரலில் இறங்கினால் நல்ல காயம். கை நடுங்கும் கோபத்தில் அதைத் தொடாதீர்கள்.

தூக்கம் வராத இரவுக்குப் பழகிய வடிவம், குறிப்பு தேவைப்பட்டால் காகிதத்தில். அலைபேசியைத் திறந்தால் பின்னல் மறந்துவிடும். எத்தனை வரிசை என்று முன்பே முடிவு செய்யுங்கள். "இன்னும் ஒரே வரிசை" என்று நடுநிசி தாண்டியவர்கள் ஏராளம்.

பின்னலே ஒத்துவராதவர்களும் உண்டு. அவர்களுக்கு, ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷா. ஊசியில் முப்பது கண்ணி திறந்து கிடக்கும் பயம் இதில் இல்லை, எந்த நேரத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். கொக்கி நழுவினாலும் அவிழ்வது கொஞ்சமே. பதற்றக்காரருக்கு முதல் கைவேலையாக நான் இதைத்தான் முன்வைப்பேன். ஒரு எச்சரிக்கை: அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் குரோஷா என்பது பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் குரோஷா. எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் தொடங்கி, அளவு இரட்டிப்பானவர்கள் பலர். எண்ணிக்கையே தொல்லை என்பவருக்கு அட்டை நெசவு: 20 செ.மீ. அகல அட்டையின் இரு முனையிலும் ஒரு செ.மீ.க்கு ஒரு வெட்டு, அதில் நீளவாக்கில் பாவு நூலைச் சுற்றி, மழுங்கிய ஊசியால் குறுக்கு நூலான ஊடையை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டியதுதான். துணி நடுவில் இடுப்பு சிறுத்தாற்போல் ஆனால் ஊடையை நேராக இழுத்துவிட்டீர்கள். சின்ன மேடு போல வளைத்துப் போட்டுப் பிறகு தட்டுங்கள். தக்ளி என்ற சுழலும் கைக்கதிரில் நூல் நூற்பது அபாரமான லயிப்பு தரும், ஆனால் கற்கும் காலத்தில் நூல் அறுந்து தக்ளி தரையில் விழுந்துகொண்டே இருக்கும். முறுக்கு குறைந்தால் இழை பிரிந்து நழுவும், கூடினால் சுருண்டு முடிச்சிடும். நிதானமான நாளில் கற்றுக்கொள்ள வேண்டியது. எம்பிராய்டரி எங்கும் எடுத்துப்போகச் சுலபம், கண்ணுக்குத்தான் உழைப்பு.

கெடுக்கும் வழிகள்

எண்ணிச் சரிபார்க்காமல் இருக்க முடியாத மனப்போக்கு உள்ளவருக்குக் கண்ணி எண்ணுவது ஆறுதலாகத் தொடங்கி விலங்காக முடியலாம். அவர்களுக்கு எண்ணிக்கையற்ற வேலைகளே சரி. மற்றவர்களுக்கும் ஒரு விதி: ஒரே வரிசையை மூன்று முறை அவிழ்த்தாயிற்று என்றால் அன்றைக்குக் கீழே வைத்துவிட வேண்டும். நாலாவது முறை சரியாக வருவது அபூர்வம். சிக்கலான வடிவம் பின்னுகிறவர்கள் பத்து வரிசைக்கு ஒருமுறை, மெல்லிய வேறு நிற நூலை எல்லாக் கண்ணிகள் வழியாகவும் கோத்து விடுங்கள். உயிர்நூல் என்று வைத்துக்கொள்ளலாம். தப்பு நடந்தால் அங்கே வரை அவிழ்த்தால் போதும் என்ற தைரியமே பாதிப் பதற்றத்தைக் குறைக்கும்.

பரிசுக்கு, விழாவுக்கு என்று தேதி வைத்துப் பின்னுவது பின்னலை அலுவலக வேலையாக்கிவிடும். பின்னி முடிக்க ஏழு பிறவி வேண்டும் என்கிற அளவுக்கு நூல் வாங்கிக் குவிப்பதும் ஒரு சுமை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் குற்ற உணர்வு எட்டிப் பார்க்கும்.

உடம்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கை வலித்தால் இருக்கும் ஒரே வடிகாலும் அடைபடும். 20 முதல் 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மூடுங்கள். முழங்கைக்கு அடியில் தலையணை, மணிக்கட்டு வளையாமல் நேராக, வெளிச்சம் தோளுக்கு மேலிருந்து. அகலமான துணி என்றால், இரு முனையையும் வளையும் கம்பி இணைக்கும் 80 செ.மீ. வட்ட ஊசி, எடை மடியில் இறங்கிவிடும், நீள ஊசியில் அத்தனையும் மணிக்கட்டில் தொங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்துப்போய் இரவில் அதிகமானால் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகித்து, நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனசுக்கும் அதே கண்டிப்பு: தூக்கம், பசி, அன்றாட வேலை இவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், அல்லது வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால், ஊசி காத்திருக்கலாம், மனநல மருத்துவரைப் பார்ப்பது காத்திருக்கக் கூடாது.

கூடிப் பின்னுவது பேசத் தயங்குகிறவர்களுக்கு வசதி. கண்கள் கையில் இருப்பதால் யாரையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு நின்றால் சங்கடமில்லை, எல்லாரும் கண்ணி எண்ணுவதாகத் தோன்றும். கூட்டத்தில் பின்னினால் கவனம் போய்விடும் என்று கடிந்துகொள்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 2009-இல் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேரிடம் செய்த சோதனையில், சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்டுக்கொண்டே காகிதத்தில் கட்டங்களை நிரப்பியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். பின்னல் அதே விளைவைத் தரும் என்று அதிலிருந்து நேரே சொல்லிவிட முடியாது, ஆனால் கார்ட்டர் பின்னலும் கட்டம் நிரப்புவதும் ஒரே சாதி. பூவேலையைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனால் திட்டு நியாயமே.

நிறுத்தும்போது வரிசை முடிவில் நிறுத்துங்கள். நடுவரிசையில் விட்டால் ஊசி உருவிக்கொள்ளும், மறுநாள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்று குழம்பித் திரும்பப் பின்னுவீர்கள், அந்த இடத்தில் கண்ணி தளர்ந்து கோடும் தெரியும். கண்ணிகளை ஊசியின் நடுவுக்குத் தள்ளி, இரண்டு முனையிலும் ரப்பர் மூடியோ ரப்பர் வளையமோ மாட்டுங்கள். அடுத்த வரிசை என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில், ஒரே வரியில், சோர்ந்திருக்கும் ஒருவருக்கும் புரியும் கையெழுத்தில் எழுதிப் பைக்குள் போடுங்கள். நாளை அதைப் படிக்கப்போகிறவர் எந்த நிலையில் இருப்பார் என்று இன்றைக்குத் தெரியாது.